காலியாக விட்ட பக்கம்

மார்ச் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலை, பெரிய மருத்துவமனையின் பின்கட்டடத்தில், கீழ்த்தளத்துப் பட்டறையில், நான்கு வயதுப் பெண் குழந்தை ஒருத்திக்கு முதுகுத்தண்டைத் தாங்கிப் பிடிக்கும் கூடு மாட்டப்பட்டது. குழந்தையின் எடை பதினோரு கிலோ. கூட்டின் எடை அரைக் கிலோவுக்குச் சற்று மேல்.

எல்லோரும் அதை பெல்ட் என்றுதான் சொன்னார்கள். பெல்ட்டில் இருக்கும் நெகிழ்வு எதுவும் அதில் இல்லை. அது வெள்ளைப் பிளாஸ்டிக்கில் வார்த்த ஓடு. அக்குளுக்குக் கீழே தொடங்கி இடுப்பு எலும்பில் முடிந்தது. உள்ளே மெல்லிய மெத்தைப் பூச்சு; வயிறு ஏறி இறங்க வட்டமாக ஒரு துளை; முன்பக்கம் ஒட்டுப்பட்டைகள். அதைச் செய்தவரை மாவுக்கட்டுக்காரர் என்று அந்தக் கட்டடத்தில் அழைத்தார்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர். நகக்கண்ணில் எப்போதும் வெள்ளை மாவு இருக்கும்.

குழந்தையின் நோய் நரம்பில் இருந்தது. மூளை இடும் கட்டளை தசையைச் சேர்வதற்குள் தேய்ந்துவிடும். புத்தியில் குறை இல்லை, பேச்சில் குறை இல்லை; மூச்சுக்குத்தான் பலம் போதாது. இரண்டு சொல்லுக்கு ஒரு தடவை நிறுத்தி, காற்றை இழுத்துக்கொண்டு பேசுவாள். அந்தக் குரலைக் கேட்டு அப்பா வைத்த பெயர் புறா. அவளுக்கு உட்கார வராது. உட்காரவைத்தால் முதுகு ஒரு பக்கம் வளைந்து, ஈரத்துணி கொடியில் சரிவதுபோல மெல்லச் சரிவாள்.

டாக்டரம்மா ஒளித்து மறைத்துப் பேசுபவரல்ல. "இது நோயை மாத்தாது. வளைவை மெதுவாக்கும், அவ்வளவுதான். நுரையீரல் வளர இடம் வேணும். எட்டு வயசு வரைக்கும் தாக்குப்பிடிச்சா ஆபரேஷனைத் தாங்குவா. அதுக்கு முன்னாடி பண்ண வேண்டி வந்தா, மயக்கத்துலேர்ந்து மூச்சு திரும்புமான்னு என்னால உறுதி சொல்ல முடியாது" என்றார்.

ஆக, நான்கு வருஷம். அதைத்தான் அந்தக் கூடு சுமக்க வேண்டியிருந்தது.

பட்டைகளை இறுக்கியதும் புறா அழத் தொடங்கினாள். அவள் அழுதால் சத்தம் வராது, முகம்தான் நீலம் பாயும். தாய் பதறி, கூட்டைக் கழற்றச் சொல்லிவிட்டுக் குழந்தையை அள்ளிக்கொண்டு நடைபாதைக்கு ஓடினாள். மூச்சு சீராகும்வரை அங்கேயே முன்னும் பின்னும் நடந்தாள். உள்ளே மாவுக்கட்டுக்காரர் கூட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பி அப்பாவிடம் எதையோ விளக்கிக்கொண்டிருந்தது கண்ணாடி வழியே தெரிந்தது. அவன் தலையாட்டிக்கொண்டிருந்தான். இடையில் அவனுக்கு போன் வந்தது, பேசிக்கொண்டே தலையாட்டினான்.

அவன் லாரி ஓட்டுபவன். மறுநாள் காலையில் சரக்கேற்றிக்கொண்டு கிளம்பிப் போனான்.

அவள் வீட்டிலேயே சோபா உறை தைப்பவள். வீடென்றால் ஒரே அறை, பின்னால் சமைக்க ஒடுக்கமான ஓர் இடம். ஜன்னலுக்கு வெளியே பஸ்கள் திரும்பும் முனை. ஒவ்வொரு பஸ் திரும்பும்போதும் தையல் மெஷினின் மேல்பலகையில் கத்தரிக்கோல் கிடுகிடுக்கும். குஷன் கடை வேன் துணிக்கட்டுகளையும் ஸ்பாஞ்சையும் இறக்கிவிட்டு, தைத்து முடித்ததை ஏற்றிக்கொண்டு போகும். கடைக்காரருக்கு ஒரே ஒரு வேதம்தான்: "உறைக்கும் ஸ்பாஞ்சுக்கும் நடுவுல விரல் போச்சுன்னா அது உறை இல்லம்மா, சாக்கு." அவள் தைத்ததில் விரல் போனதில்லை.

கூடு வருவதற்கு முன்னால் புறா இருந்த இடம் தாயின் நெஞ்சு. அகலமான துணியால் குழந்தையைத் தன்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு மெஷின் மிதிப்பாள். சமைப்பதும் பெருக்குவதும் அப்படித்தான். அந்த வளைந்த முதுகின் ஒவ்வொரு அசைவும் அவள் விலா எலும்புக்குத் தெரியும். மூச்சு கொஞ்சம் வேகமானால், சளி கட்டப்போகிறது என்று ஒரு நாள் முன்பே சொல்லிவிடுவாள்.

இப்போது புறா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். தாயின் நெஞ்சில் காற்று பட்டது. முதல் வாரத்தில், எதையோ எங்கோ வைத்துவிட்டு வந்ததுபோல அவள் அடிக்கடி குனிந்து தன் மார்பைப் பார்த்துக்கொண்டாள்.

"அம்மா, ஊசி... குதிக்குது."

"அதுக்கு வேற என்ன வேலை?"

"கால் வலிக்காதா... அதுக்கு?"

"ஒத்தைக் கால்தானே. வலிச்சாலும் யாருகிட்டப் போயி சொல்லும்?"

"எங்கிட்ட... சொல்லலாம்ல."

"சொல்லும் சொல்லும். உனக்கும் பொழுது போகணும்ல, மகாராணி."

காலையில், தையலை வெளிப்பக்கம் வைத்து அவளே தைத்த பருத்தி பனியனைப் போட்டு, சுருக்கம் இல்லாமல் நீவி, அதன்மேல் கூட்டை மாட்ட வேண்டும். மடிப்பு ஒன்று விழுந்தாலும் தோலில் கோடு பதியும். சாப்பாட்டுக்குக் கழற்றி, குழையப் பிசைந்த சோற்றைச் சிறிய கரண்டியால் ஊட்டி, அது இறங்கும்வரை காத்திருந்து, மறுபடி மாட்ட வேண்டும். ஒரு வேளை சோறு உள்ளே போக ஒரு முழு உறை தைக்கும் நேரம் ஆகும். வெயில் ஏறினால் பனியன் நனைந்துவிடும், மாற்றுவாள். மழை பிடித்த வாரத்தில் எதுவும் காயவில்லை. துவைத்த பனியன்களை இஸ்திரிப்பெட்டியால் தேய்த்து ஆவி பறக்கக் காயவைத்தாள்.

பேச்சுத்துணைக்கு அக்கம்பக்கத்தில் ஆள் உண்டு என்றுதான் முதலில் இருந்தது. குழந்தை எப்போது நடப்பாள் என்று கேட்டார்கள். நோயைப் பற்றி அவள் சொன்னாள். சொன்னதையே எத்தனை தடவைதான் கேட்பது என்று அவர்களுக்கும் அலுத்திருக்க வேண்டும். வாசலோடு பேசிப் போனார்கள், பிறகு தெருவோடு.

கணவன் மதியத்தில் வண்டியை நிறுத்திச் சாப்பிடும்போது கூப்பிடுவான். லாரிக்காரர் வீடுகளில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: வண்டியில் இருப்பவனிடம் வீட்டுக் கவலையைச் சொல்லக் கூடாது. கல்யாணமான புதிதில் அவனே சொன்னது. அவனுடைய கூட்டாளி ஒருவன், மனைவி போனில் அழுததைக் கேட்டுவிட்டு வண்டி எடுத்து, பாலத்துச் சுவரில் மோதியிருந்தான்.

"சாப்டியா?"

"ஆச்சு. நீங்க?"

"ஆச்சு. புறா?"

"ராணி மாதிரி உக்காந்திருக்கா. எங்கிட்ட வேலை வாங்குறா."

"பெல்ட்டு?"

"போட்டிருக்கா."

"சரி வெச்சிடறேன். பின்னாடி வண்டிக்காரன் ஹாரன் அடிச்சே என்னைக் கொன்னுடுவான்."

இதுதான் பேச்சு. கூடக்குறைய இதே சொற்கள் தினமும் வந்தன.

கூட்டின் இடதுபக்கம், விலாவுக்கு வெளியே, ஓர் இடைவெளி இருந்தது. தாயின் நான்கு விரல்களும் தாராளமாகப் போகும். முதல் நாளே அவள் அதைக் கவனித்தாள். வலதுபக்கம் அழுத்தமாகப் பதிந்திருக்க, இடதுபக்கம் மட்டும் ஏன் தொளதொளவென்று இருக்கிறது? வளருகிற பிள்ளை, அதற்காக விட்டிருப்பார்கள் என்று தனக்குத்தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டாள். ஆனால் கூட்டை மாட்டும்போதெல்லாம் அவள் கை அங்கே போய் நின்றது. கடைக்காரர் பார்த்தால் சாக்கு என்பார்.

புறாவுக்கு அந்த இடம் வேறு விதமாகப் பட்டது.

"அம்மா, எனக்குப் பை... இருக்கு."

"என்ன பை?"

"இங்க. பட்டன்... போட்டு வெச்சிருக்கேன்."

கைக்கு எட்டிய பட்டன்களையும் நூல்துண்டுகளையும், மேல்விளிம்பு வழியாகக் கூட்டுக்குள் நழுவவிடுவது அவளுடைய விளையாட்டாகியிருந்தது. தாய் சிரித்துவிட்டு எடுத்துப் போட்டாள். மே மாதக் கடைசியில் ஒருநாள் குளிக்கவைக்கக் கழற்றியபோது, இடது இடுப்பெலும்பின்மேல் பட்டனின் வட்டம் செக்கச்செவேலென்று பதிந்திருந்தது. நான்கு துளைகளும் தெரிந்தன. தோல் கிழிந்தால் கூட்டை வாரக்கணக்கில் மாட்ட முடியாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அன்றைக்கே இன்னொன்றும் கண்ணில் பட்டது. கூட்டுக்குள் குழந்தையின் உடம்பு இடதுபக்கம் நகர்ந்திருந்தது, காலியான பக்கத்தை நோக்கி. முன்பெல்லாம் சரிந்து விழுந்தவள் இப்போது உள்ளுக்குள்ளேயே சரிகிறாள் என்று அவள் நினைத்தாள்.

மதியம் போன் வந்தது.

"பெல்ட்டு?"

"போட்டிருக்கா."

அவ்வளவுதான் சொன்னாள். மருத்துவமனை இரண்டு பஸ் தூரம். தோல் கிழிந்தால் மட்டும் உடனே வரச் சொல்லியிருந்தார்கள்; கிழியவில்லை, மறுநாள் சிவப்பும் மறைந்தது. அவளுக்குத் தெரிந்த வைத்தியம் கைவசம் இருந்தது. சோபாவுக்கு வந்த ஸ்பாஞ்சில் நல்ல கெட்டியான துண்டாகப் பார்த்து எடுத்து, இடைவெளியின் அளவுக்கு வெட்டி, ஓரத்தைப் பிளேடால் சரித்துச் சீவினாள். பழைய பனியன் துணியில் உறை தைத்து, தையல் தோலில் படாதபடி வெளிப்பக்கம் திருப்பி, சுற்றிலும் ஓரத்துக்கு நாடா வைத்துப் பைப்பிங் கொடுத்து, கூட்டின் உள்ளே ஒட்டினாள். மாட்டிப் பார்த்தாள். விரல் போகவில்லை. புறா ஆணி அடித்தாற்போல உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, என் பையை... மூடிட்ட."

"பை வேற தைச்சுத் தர்றேன்."

"அது... நல்லா இருந்துச்சு."

"பட்டன் குத்தினா நல்லாவா இருக்கும்? பேசாம இரு."

இடைவெளியை அடைத்த அன்று, பல மாதங்களுக்குப் பிறகு அவள் நிம்மதியாக வேலை பார்த்தாள்.

செப்டம்பரில் மறுபரிசோதனை. கணவன் லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். கூட்டோடு எடுத்த எக்ஸ்ரே படத்தை டாக்டரம்மா விளக்குப் பலகையில் மாட்டி, அளவுகோல் வைத்துக் கோடு போட்டார். மார்ச் மாதத்துப் படத்தைப் பக்கத்தில் மாட்டினார். வளைவு கூடியிருப்பது எதுவும் தெரியாதவர்களுக்கும் தெரிந்தது.

"கழட்டி வெச்சிடறீங்களாம்மா? ஒளிக்காம சொல்லுங்க, திட்ட மாட்டேன்."

"இல்ல மேடம். குளிக்க, சாப்பிட, அவ்வளவுதான். சத்தியமா."

"பெல்ட்டோட எடுத்த படத்துலயே இவ்வளவு வளைவு இருக்கு. இப்படியே போனா நாலு வருஷமெல்லாம் காத்திருக்க முடியாது. அடுத்த வருஷமே ஆபரேஷன் பத்திப் பேச வேண்டி வரும்." கொஞ்சம் நிறுத்தி, "முதல்ல பெல்ட்டைப் பட்டறையில காட்டுங்க. நானும் அவர்கிட்டப் பேசறேன்" என்றார்.

கணவன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று பின்கட்டடத்துக்கு நடந்தான். பட்டறையில் மாவு வாசனையும் சூடான பிளாஸ்டிக் வாசனையும் கலந்து அடித்தன.

"நீங்க செஞ்ச பெல்ட்டுதானே இது?"

"உக்காருங்க தம்பி."

"உக்கார வரல. ஆறு மாசமா பிள்ளை இதுக்குள்ள வேகுது. முதுகு இன்னும் வளைஞ்சிருக்கு. வண்டில ஒரு கட்டு சரியில்லன்னா சரக்கு சரியும். அப்பக் கட்டினவனைத்தான் கேப்பாங்க. கேக்கறேன், சொல்லுங்க."

"கேக்க வேண்டியதுதான். முதல்ல பிள்ளைய இப்படிப் படுக்க வைங்க. என்ன ஆமைக்குட்டி, ஓடு வலிக்குதா?"

"நான் ஆமை இல்ல... புறா" என்றாள் குழந்தை.

"ஓ, தப்புதான். புறாவுக்கு ஓடு செஞ்ச ஆளு நான் ஒருத்தன்தான்."

பட்டைகளைப் பிரித்தார். தோலைப் பார்த்தார். எங்கும் ஒரு கோடுகூட இல்லை. "நல்லாப் பாத்திருக்கீங்கம்மா" என்றார். பிறகு கூட்டைத் திருப்பி உள்ளே உள்ளங்கையை விட்டார். இடதுபக்கம் கை போகவில்லை. விளக்கருகே கொண்டுபோய் எட்டிப் பார்த்துவிட்டு, வெள்ளைத் துணி போர்த்திய ஸ்பாஞ்சை மெல்ல உரித்து எடுத்தார். பைப்பிங்கை விரலால் தடவினார்.

"தையல் ரொம்ப நல்லா இருக்கு. யார் தைச்சது?"

"நான்தான் சார்."

கணவன் திரும்பி அவளைப் பார்த்தான்.

"எதுக்கும்மா?"

"அந்தப் பக்கம் தொளதொளன்னு இருந்துச்சு சார். பட்டன் விழுந்து தோல் செவந்துபோச்சு. அவளும் அந்தப் பக்கமே சாய்ஞ்சா. உள்ளுக்குள்ளயே விழுந்துடுவாளோன்னு..."

மாவுக்கட்டுக்காரர் ஸ்டூலை இழுத்து அவள் முன்னால் உட்கார்ந்தார்.

"அது மறந்துபோன இடம் இல்லம்மா. வேணும்னே வெச்சது. இங்க பாருங்க, வலதுபக்கம் இந்த மேட்டால அழுத்தறேன். அழுத்தினா முதுகு எங்கயாவது நகரணும்ல? நகர ஒரு இடம் வேணும்ல? அதுக்குத்தான் இடதுபக்கம் காலி. அவ சாய்ஞ்சது விழறதுக்கு இல்ல. நிமிர்றதுக்கு."

அவளுக்குப் புரிந்தது. துணியும் ஸ்பாஞ்சும் தெரிந்தவளுக்கு அது புரிய இரண்டாவது தடவை சொல்ல வேண்டியதில்லை. ஒரு பக்கம் அழுத்தி, மறுபக்கத்தையும் அடைத்தால் நடுவில் இருப்பது என்ன ஆகும் என்று அவள் கைகளுக்கே தெரியும்.

"நீங்க எங்கிட்ட சொல்லலையே சார்" என்றாள். குரலில் சண்டை இல்லை.

"சொன்னேனேம்மா. விரலை உள்ள விட்டுக் காட்டி, இந்தப் பக்கத்துல ஒரு துணிகூடச் செருகாதீங்கன்னு..." சொல்லிக்கொண்டே அவர் அவள் கணவன் பக்கம் திரும்பினார். நிறுத்திவிட்டார்.

அவன் தரையில் சிந்திக் கிடந்த மாவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அன்னிக்கு லோடுக்கு போன் வந்துச்சு" என்றான்.

பக்கத்து மேசையில் ஏதோ ஒரு மெஷின் ஓடி நின்றது.

"தப்பு என் மேலயும்தான்" என்றார் மாவுக்கட்டுக்காரர். "தினம் மாட்டப்போறது நீங்க. உங்களைக் கூப்பிட்டு இன்னொரு தடவை சொல்லியிருக்கணும். இவரு தலையாட்டினாரு, போதும்னு விட்டுட்டேன்."

"என் பையை... திறந்துட்டாங்க" என்றாள் புறா.

பஸ்ஸில் அவன் முன்னால் நின்றான், அவள் குழந்தையோடு பின்னால் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்து, அவள் புறாவுக்குச் சோறு ஊட்டி முடித்தாள். பேச்சை அவன்தான் தொடங்கினான்.

"ஆறு மாசத்துல ஒரு தடவகூட நீ சொல்லலையே."

"வண்டில இருக்கறவர்கிட்ட வீட்டுக் கவலையப் பேசக் கூடாதுன்னு சொன்னது யாரு?"

"அது... காய்ச்சல், சண்டை, அந்த மாதிரி விஷயத்துக்குச் சொன்னது."

"எதைப் பேசலாம், எதைப் பேசக் கூடாதுன்னு பிரிச்சுக் குடுத்துட்டுப் போனீங்களா?"

அவன் கையைப் பிசைந்தான். "பெல்ட்டு, பெல்ட்டுன்னு தினம் கேட்டேன்ல."

"கேட்டீங்க. போட்டிருக்காளான்னு கேட்டீங்க. போட்டிருக்கான்னு சொன்னேன். நீங்க கேட்டதும் தப்பில்ல, நான் சொன்னதும் பொய்யில்ல."

"கோவமா இருந்தா திட்டிடு. இப்படிப் பேசாத."

"திட்டறதுக்கும் ஆள் பக்கத்துல இருக்கணுங்க. நீங்க நாளைக்குக் கிளம்பிடுவீங்க. அப்புறம் எனக்குக் கோவம் வந்தா யாரைத் திட்டறது? இந்த மெஷினையா?"

"மெஷினைத்... திட்டாத" என்றாள் புறா நாற்காலியிலிருந்து. "அதுக்கு ஒத்தைக்... கால்."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்து பின்பக்கம் போய்ப் பாத்திரங்களைக் கழுவினான். கழுவி முடிந்த பிறகும் வெகுநேரம் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. அவள் எழுந்து போகவில்லை. அன்றைக்குத் தைக்க வேண்டியது பாக்கி இருந்தது.

குழந்தை கொஞ்சம் வளர்ந்துமிருந்ததால் புதிய கூட்டுக்கு மறுபடி அச்சு எடுத்தார்கள். அதற்காக அவன் இரண்டு நாள் தள்ளிப் புறப்பட்டான். புறாவைப் பட்டைகளால் ஆன சட்டத்தில் படுக்கவைத்து, தாய் தலைப்பக்கம் அக்குளைப் பிடிக்க, அப்பா கால்பக்கம் இடுப்பைப் பிடிக்க, இருவரும் மெல்ல எதிரெதிராக இழுத்தார்கள். நனைத்த மாவுத்துணி சுற்றச் சுற்ற வெதுவெதுவென்று சூடேறியது. "சுடுது... நல்லா இருக்கு" என்றாள் புறா. மாவு இறுகும்வரை மாவுக்கட்டுக்காரர் வலது விலாவில் உள்ளங்கையை அழுத்திக்கொண்டே நின்றார். யாரும் விடவில்லை. அந்த வருஷம் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரே காரியத்தில் கைவைத்தது அன்றுதான்.

கூடு தயாராவதற்கு முன்னால் மாவுக்கட்டுக்காரர் அவளைத் தனியாக வரவழைத்தார். மேசைமேல் குழந்தையின் உடம்பு வெள்ளை மாவில் வார்ப்பாக நின்றது, தலையும் கைகாலும் இல்லாமல். இடதுபக்கத்தில் கூடுதலாக மாவு அப்பி ஒரு வீக்கம்போலச் செய்திருந்தார். இதன்மேல்தான் பிளாஸ்டிக்கைப் படியவைப்பேன், பிறகு இந்த மேடு இருந்த இடம்தான் காலியாக இருக்கும் என்று காட்டினார். அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள். ஈரம் இன்னும் முழுதாகக் காயவில்லை.

"தினமும் விரலை விட்டுப் பாருங்க. போகலன்னா எனக்கு போன் பண்ணுங்க. நீங்களா எதுவும் செய்யாதீங்க."

"சரி சார்."

"அந்தப் பனியன் மட்டும் நீங்க தைக்கிற மாதிரியே தையல் வெளிப்பக்கமா இருக்கட்டும். அது சரியாத்தான் இருக்கு."

வீட்டில் புறாவின் கூட்டுக்குமேல் போடும் கவுனின் முன்பக்கம், வயிற்றுத் துளைக்குக் கொஞ்சம் மேலே, அவள் ஒரு பை தைத்துக் கொடுத்தாள். புறா பட்டன்களை அதில் வைத்தாள். பழைய பைதான் நல்ல பை என்று அவ்வப்போது சொல்லவும் செய்தாள்.

அக்டோபரிலிருந்து மதியப் போன் சற்று மாறியது. வண்டியை ஓரம்கட்டி, சாவியை எடுத்த பிறகுதான் கூப்பிடுவான். எடுத்ததும் முதல் கேள்வி இது:

"காலியா இருக்கா?"

அவள் எழுந்துபோய், கூட்டுக்குள் இடதுபக்கம் விரலை விட்டுப் பார்த்துவிட்டு வருவாள்.

"இருக்கு."

சில நாட்களில் அதற்குமேல் பேச எதுவும் இருக்காது. வைத்துவிடுவார்கள். ஜன்னலுக்கு வெளியே பஸ் திரும்பும், கத்தரிக்கோல் கிடுகிடுக்கும். புறா நாற்காலியில் இருந்தபடி ஊசியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் இப்போது ஊசியைப் பற்றிக் கேட்பது குறைந்துவிட்டது. ஜன்னல் பக்கம் திருப்பி வைக்கச் சொல்லி, பஸ்ஸில் ஏறுபவர்களைப் பார்ப்பாள். தாய்க்குத் தெரிவது அவளுடைய பின்தலையும், கவுனுக்குள் நேராக நிற்கும் ஓட்டின் மேல்விளிம்பும்தான். மூச்சு எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள இனி எழுந்துபோய்க் கை வைத்துப் பார்க்க வேண்டும். போய்ப் பார்ப்பாள்.

அடுத்த ஏப்ரலில் படம் எடுத்தார்கள். கணவனுக்கு லீவு கிடைக்கவில்லை. அவள் மட்டும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போனாள். டாக்டரம்மா முந்தைய படங்களை வரிசையாக மாட்டி அளந்தார். முதல் ஆறு மாதத்தில் கூடிய வளைவு குறையவில்லை. அதற்குமேல் கூடவும் இல்லை. ஆபரேஷன் பற்றிய பேச்சு ஓராண்டுக்குத் தள்ளிவைக்கப்பட்டது.